அப்ரண்டிஸ் பயிற்சி: காரைக்குடி வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதாமாதம் உதவித்தொகை வாங்கிக்கொண்டே ஒரு நிறுவனத்தில் தொழில் பழகி, முடிவில் அரசு ஏற்கும் சான்றிதழ் பெறும் ஏற்பாடு தொழிற்பழகுநர் பயிற்சி. ஊரில் எல்லோரும் அப்ரண்டிஸ் என்றுதான் சொல்கிறோம். காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோர்களும், ஆள் வைத்துத் தொழில் செய்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம்.

ஐ.டி.ஐ. படிப்பதும் அப்ரண்டிஸும் ஒன்றுதானே?

இல்லை. ஐ.டி.ஐ.யில் நீங்கள் மாணவர். அங்கே முடித்தால் தேசிய தொழிற்சான்றிதழ் (என்.டி.சி.) கிடைக்கும். அப்ரண்டிஸ் என்பது 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டு, உண்மையான வேலைத்தளத்தில் பெறும் பயிற்சி. அதை முடித்து அகில இந்தியத் தொழில் தேர்வில் தேறினால் தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ் (என்.ஏ.சி.) கிடைக்கும். இரண்டும் தனித்தனிச் சான்றிதழ்கள். ஐ.டி.ஐ. முடித்தவர் அப்ரண்டிஸும் முடித்தால் இரண்டையும் கையில் வைத்திருப்பார், ஆள் எடுக்கும் இடங்களில் அந்தச் சேர்க்கைக்குத்தான் மதிப்பு.

எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் போன்ற இரண்டாண்டுப் பிரிவுகளை ஐ.டி.ஐ.யில் முடித்து வருபவருக்கு அப்ரண்டிஸ் காலம் பெரும்பாலும் ஓராண்டு. ஐ.டி.ஐ. படிக்காமல் பத்தாவதோடு நேரடியாக வருபவருக்கு முதலில் அடிப்படைப் பயிற்சி, பிறகு தளத்தில் பயிற்சி என்று காலம் நீளும். பிரிவைப் பொறுத்து 6 மாதம் முதல் 36 மாதம் வரை ஆகலாம்.

வயது வரம்பு உண்டா?

சட்டப்படி 14 வயது நிறைந்திருக்க வேண்டும், ஆபத்தான தொழில்களில் 18. சட்டத்தில் உச்ச வயது இல்லை, ஆனால் நிறுவனங்கள் தங்கள் அறிவிப்பில் வைத்துக்கொள்ளும். தெற்கு ரயில்வே அறிவிப்புகளில் ஐ.டி.ஐ. முடித்தவருக்குப் பொதுவாக 24, புதியவருக்கு 22. பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்குத் தளர்வு உண்டு. "ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டு அப்புறம் அப்ரண்டிஸ் போகலாம்" என்று தள்ளிப்போடும் பிள்ளைகள் இங்கேதான் இடறுகிறார்கள். வயது போவது ஒருபுறம் இருக்க, ஏற்கெனவே ஓராண்டு வேலை அனுபவம் உள்ளவரைப் பல அறிவிப்புகள் சேர்ப்பதே இல்லை.

மாதம் எவ்வளவு கிடைக்கும்?

2019-இல் திருத்திய விதிகளின்படி முதலாண்டுக்கான குறைந்தபட்ச உதவித்தொகை இது:

- 5 முதல் 9-ஆம் வகுப்பு வரை படித்தவர்: ₹5,000
- 10-ஆம் வகுப்பு: ₹6,000
- 12-ஆம் வகுப்பு அல்லது ஐ.டி.ஐ.: ₹7,000
- டிப்ளமோ: ₹8,000
- பட்டம்: ₹9,000

இரண்டாம் ஆண்டில் 10 சதவீதம் கூட வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவருக்கு ₹7,000 என்பது ₹7,700 ஆகும். 2025 மே மாதத்தில் மத்திய தொழிற்பழகுநர் மன்றம் இந்த ₹5,000–₹9,000 வரம்பை ₹6,800–₹12,300 ஆக உயர்த்தப் பரிந்துரைத்தது. ஆகவே யாரோ சொன்ன எண்ணை நம்பிப் போகாமல், உங்கள் ஒப்பந்தம் உருவாகும் நாளில் இணையதளம் காட்டும் குறைந்தபட்சம் என்ன என்று பாருங்கள். கீழே உள்ள கணக்குகளை 2019 விதி எண்களில் போட்டிருக்கிறோம். மேலே சொன்னவை அடிமட்டம்தான், நிறுவனம் விரும்பினால் கூடுதலாகத் தரலாம். பெரிய பொதுத்துறை ஆலைகளில் சாப்பாடு, பஸ் சலுகை கிடைப்பதும் உண்டு.

₹7,000 என்றார்கள், கணக்கில் ₹5,500-தான் ஏறியது. ஏமாற்றுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் (நேப்ஸ்) குறைந்தபட்ச உதவித்தொகையில் 25 சதவீதத்தை, அதிகபட்சம் ₹1,500 வரை, மத்திய அரசு ஏற்கிறது. ₹7,000-இல் கால்பங்கு ₹1,750. ஆனால் உச்சவரம்பு ₹1,500. எனவே நிறுவனம் ₹5,500 போடும், மீதி ₹1,500 அரசிடமிருந்து தனியாக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். முன்பு இந்தப் பங்கை நிறுவனத்துக்குத் திருப்பித் தந்தார்கள். 2023 ஆகஸ்ட்டிலிருந்து நேரடியாகப் பயிற்சியாளருக்கே அனுப்புகிறார்கள்.

அந்த ₹1,500 வராமல் நிற்பதற்கு இரண்டு காரணங்கள்தான் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன.

முதலாவது, நிறுவனம் தன் பங்கைக் கட்டியதற்கான விவரத்தை இணையதளத்தில் ஏற்றாமல் விடுவது. அது ஏறினால்தான் அரசுப் பங்கு நகரும். சிறிய இடங்களில் கணக்குப்பிள்ளை ஒருவரே எல்லாம் பார்ப்பதால் இரண்டு மூன்று மாதம் சேர்த்து ஏற்றுவார்கள், பணமும் சேர்ந்தே வரும். உதவித்தொகையை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதைச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

இரண்டாவது, வங்கிக் கணக்கு. "ஆதாரை பேங்கில் கொடுத்துவிட்டேனே" என்பார்கள். கணக்கில் ஆதார் எண் பதிவாகி இருப்பது வேறு, அரசுப் பணம் வந்து சேரும் கணக்காக அது என்.பி.சி.ஐ. (வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் தேசிய அமைப்பு) பட்டியலில் இணைந்திருப்பது வேறு. ஒருவருக்கு மூன்று வங்கியில் கணக்கு இருந்தாலும் அந்தப் பட்டியலில் ஒன்றுதான் நிற்கும். கடைசியாக எதை இணைத்தீர்களோ அதற்கே பணம் போகும். பள்ளியில் உதவித்தொகைக்காகத் திறந்து மறந்துபோன கணக்கில் ₹1,500 மாதாமாதம் சேர்ந்துகொண்டே இருக்கும், பிள்ளையோ பணம் வரவில்லை என்று நிறுவனத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பான். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். மாற்ற வேண்டுமானால் புதிய வங்கிக் கிளையில் இணைப்புப் படிவம் எழுதிக் கொடுங்கள்.

எங்கே பதிவு செய்வது? எதில் சிக்கும்?

பத்தாவது, பன்னிரண்டாவது, ஐ.டி.ஐ. படித்தவர்கள் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா இணையதளத்தில் பதிய வேண்டும். டிப்ளமோ, பொறியியல், கலை, அறிவியல் பட்டம் பெற்றவர்கள் நாட்ஸ் எனும் தேசிய தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தின் இணையதளத்தில் பதிய வேண்டும். தென்மாநிலங்களுக்கு அதை நடத்துவது சென்னை தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். பதிவு இரண்டிலும் இலவசம். பதிவுக்கோ இடம் வாங்கித் தருவதற்கோ ஒருவர் பணம் கேட்டால் அந்த ஆளைத் தவிர்த்துவிடுங்கள்.

சிக்குவது பெயரில். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் "மு. பழனியப்பன்", ஆதாரில் "பழனியப்பன் முத்தையா", வங்கியில் "பழனியப்பன் எம்." என்று இருந்தால் மூன்று இடத்திலும் மூன்று ஆள். இனிஷியலை விரித்து எழுதும் வழக்கமும் சுருக்கி எழுதும் வழக்கமும் நம் பக்கம் கலந்தே இருப்பதால் இந்தத் தொல்லை அதிகம். மதிப்பெண் பட்டியலை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துங்கள். மாற்றிச் செய்தால் அலைச்சல் பல மடங்கு. பிறந்த தேதியும் அப்படியே. ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டும் இருந்தால் முழுத் தேதியாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆதாரோடு சேர்ந்த செல்பேசி எண் உங்கள் கையில் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் அப்பாவின் பழைய எண்ணுக்கு ஓ.டி.பி. போனால் பதிவு அன்றோடு நின்றுவிடும்.

இங்கே பக்கத்தில் எங்கே இடம் கிடைக்கும்?

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் (சி.எஸ்.ஐ.ஆர். – செக்ரி) ஐ.டி.ஐ. முடித்தவர்களைப் பல பிரிவுகளில் அப்ரண்டிஸாக எடுக்கிறது. ஆய்வகச் சூழல், ஒழுங்கான பதிவேடு, சரியான தேதியில் உதவித்தொகை என்று பார்த்தால் வட்டாரத்தில் நல்ல இடம். இடங்கள் குறைவு, போட்டி கூடுதல். திருமயத்தில் பெல் (பி.எச்.இ.எல்.) எனும் மத்திய அரசின் மின்கருவி நிறுவனத்தின் மின்நிலையக் குழாய்ப் பிரிவு இருக்கிறது. திருச்சி பெல் ஆலை ஆண்டுதோறும் வெல்டர், ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் என நூற்றுக்கணக்கில் எடுக்கும். பொன்மலை ரயில்வே பணிமனையும் அப்படித்தான். இங்கெல்லாம் எழுத்துத் தேர்வு கிடையாது, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் ஐ.டி.ஐ. மதிப்பெண்ணையும் வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். ஆகவே பத்தாவதில் வாங்கிய மதிப்பெண் இருபது வயதில் வந்து வேலை செய்யும். டிப்ளமோ, பொறியியல் முடித்தவர்கள் அரசுப் போக்குவரத்துக் கழகம், மின்வாரியம் வெளியிடும் நாட்ஸ் அறிவிப்புகளைக் கவனியுங்கள்.

தனியார் பக்கம் பார்த்தால் இரு சக்கர வாகன, கார் விற்பனை நிலையங்களின் சர்வீஸ் பிரிவு, ஜவுளி, நகைக் கடைகள், மருத்துவமனைகள், நூற்பாலைகள், கானாடுகாத்தான், காரைக்குடியில் பழைய வீடுகளை மாற்றி நடத்தும் தங்கும் விடுதிகள் எல்லாம் வாய்ப்புள்ளவை. சமையலில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு விடுதிச் சமையலறையில் உணவு தயாரிப்புப் பிரிவில் ஒப்பந்தம் போட முடிந்தால் நல்லது. செட்டிநாட்டுச் சமையலை வேலைபார்த்துப் பழகியவர் எத்தனையோ பேர், சான்றிதழோடு பழகியவர் மிகக் குறைவு. பெரிய ஓட்டல்களில் ஆள் எடுக்கும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

மாவட்டந்தோறும் பிரதமரின் தேசிய தொழிற்பழகுநர் சேர்க்கை முகாம் பெரும்பாலும் அரசு ஐ.டி.ஐ. வளாகத்தில் நடக்கும். மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை என்பது பொதுவான கணக்கு. அசல் சான்றிதழ்கள், ஆதார், வங்கிப் புத்தகம், நான்கு புகைப்படம், எல்லாவற்றுக்கும் நகல் என்று எடுத்துப் போங்கள்.

கோனாபட்டு, ராயவரம், அரிமளம்காரர்கள் எந்த அலுவலகத்துக்குப் போவது?

செட்டிநாடு என்று ஒரே பெயரில் சொன்னாலும் ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரு மாவட்டங்களில் கிடக்கின்றன. இந்த மூன்று ஊரும் புதுக்கோட்டை மாவட்டம். ஆனால் உங்கள் வீடு எங்கே என்பதைவிட நிறுவனம் எங்கே என்பதே முக்கியம். ஒப்பந்தம், புகார், தேர்வு எல்லாம் நிறுவனம் இருக்கும் மாவட்டத்தின் திறன் பயிற்சி அலுவலகம் வழியாக நடக்கும். ராயவரத்துப் பிள்ளை காரைக்குடியில் சேர்ந்தால் சிவகங்கை மாவட்ட அலுவலகம்தான்.

ஒப்பந்தத்தில் என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில், ஒப்பந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்து மூன்று மாதமாகியும் "ஆன்லைனில் ஏற்றிவிடுவோம் தம்பி" என்றே சொல்லிக்கொண்டிருந்தால் நீங்கள் அப்ரண்டிஸ் இல்லை, குறைந்த கூலிக்கு வேலை பார்க்கும் ஆள். ஒப்பந்தம் இணையதளத்தில் உருவாகி, இரு தரப்பும் ஒப்புக்கொண்டு, பதிவு எண் விழுந்த பிறகுதான் பயிற்சிக் காலம் ஓடத் தொடங்கும். அதற்கு முன் உழைத்த நாட்கள் தேர்வுக் கணக்கில் சேராது.

அடுத்து, பிரிவின் பெயர். எலக்ட்ரீஷியன் படித்தவரை வேறு ஏதோ உதவியாளர் பிரிவில் பதிந்துவிட்டால் சான்றிதழிலும் அந்தப் பெயரே வரும், பின்னால் மாற்ற வழியில்லை. தொடக்க நாள், முடியும் நாள், உதவித்தொகை, பயிற்சி நடக்கும் முகவரி ஆகியவற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட வேண்டும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் திருப்பி வாங்கிவிடுங்கள். ஒப்பந்த நகலை வீட்டில் ஒரு பிரதி, செல்பேசியில் ஒரு பிரதி வைத்திருங்கள்.

மில்லில் மூன்று வருடம் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்கிறார்கள். அதுவும் அப்ரண்டிஸா?

இல்லை. சுமங்கலித் திட்டம் என்றும் வேறு பல பெயர்களிலும் பெண்பிள்ளைகளை அழைக்கும் ஏற்பாடு அது. உதவித்தொகையை மாதாமாதம் வங்கியில் போடாமல் கடைசிக்கு நிறுத்திவைப்பது தொழிற்பழகுநர் சட்டத்தில் எங்கும் கிடையாது. தரகர் "அப்ரண்டிஸ்" என்ற சொல்லைப் பயன்படுத்தினால் ஒப்பந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

நேரான ஒப்பந்தத்தோடு, தேர்வோடு அப்ரண்டிஸ் எடுக்கும் நூற்பாலைகளும் இருக்கின்றன. மில் என்றாலே வேண்டாம் என்று ஒதுக்கத் தேவையில்லை.

வேலை நேரம், லீவு, பி.எஃப்., விபத்து?

சட்டத்தின் பார்வையில் அப்ரண்டிஸ் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். அதனால் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம் கிடையாது. விடுமுறைகள் அந்த நிறுவனத்தில் உள்ளபடியே உங்களுக்கும். பயிற்சி ஆலோசகரின் (இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அரசு அதிகாரி) அனுமதி இல்லாமல் கூடுதல் நேர வேலை வாங்கக் கூடாது. அதற்குத் தனியாகப் பணம் தருகிறேன் என்று சொன்னாலும் கூடாதுதான். தொழிலாளர்களுக்கு உள்ள பாதுகாப்பு ஏற்பாடுகள் அத்தனையும் உங்களுக்கும் உண்டு. பயிற்சியின்போது காயம் பட்டால் இழப்பீடு தருவது நிறுவனத்தின் பொறுப்பு. ஈ.எஸ்.ஐ. இல்லாததால் விபத்து நடந்த அன்றே பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள், மருத்துவச் சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள்.

தொழிலே சொல்லித் தரவில்லை. டீ வாங்கவும் குடோன் கூட்டவும் சொல்கிறார்கள்.

அதிகம் வரும் குறை இதுதான். ஒவ்வொரு பிரிவுக்கும் வாரவாரியாக என்ன கற்றுத்தர வேண்டும் என்று அச்சிட்ட பாடத்திட்டம் இருக்கிறது. அதை இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். அன்றாடம் செய்த வேலையைக் குறிப்பேட்டில் எழுதி, வாரம் ஒருமுறை மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஆறு வாரம் "மோட்டார் ரீவைண்டிங்" பக்கம் காலியாக இருந்தால் அவருக்கே கூச்சமாக இருக்கும். பல இடங்களில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, சொல்லித்தர ஒருவரை ஒதுக்கவில்லை, அவ்வளவே. அப்படியான இடத்தில் ஒரு பழைய கைத்தொழிலாளியின் பெயரைச் சொல்லி, "அண்ணன்கூட நிற்கிறேன்" என்று கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள்.

சிறிய வொர்க்‌ஷாப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. பாடத்திட்டத்தில் உள்ள எந்திரமே அங்கே இருக்காது. இரு சக்கர வாகனக் கடையில் பழைய கார்புரேட்டர் வண்டிகளையே பார்த்துப் பழகியவர், தேர்வில் எரிபொருள் உட்செலுத்தும் முறையைக் கேட்டால் விழிப்பார். சேரும் முன் கடைக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள்.

பேசியும் மாறவில்லையானால் குறிப்பேட்டு நகலோடு மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சுக்கு அங்கே கோப்பு கிடையாது.

கடைசித் தேர்வு எப்படி இருக்கும்?

எழுத்துப் பகுதி கணினி வழி. செய்முறை தனி. தேர்வு எழுதும் தகுதிக்குப் பயிற்சிக் காலமும் வருகையும் நிறைவாக இருக்க வேண்டும். தோற்றால் மறுபடி எழுதலாம். ஐ.டி.ஐ.யில் நன்றாகப் படித்தவர்களும் எழுத்துப் பகுதியில் விழுவதைப் பார்க்கலாம். ஓராண்டாகப் புத்தகத்தைத் தொடாததே காரணம். ஒர்க்‌ஷாப் கணக்கு, வரைபடம் வாசித்தல், அளவைக் கருவிகள் இந்த மூன்றையும் கடைசி இரண்டு மாதம் மாலையில் புரட்டினாலே கரையேறலாம். இன்னொன்று: பயிற்சி முடிந்ததும் ஊரைவிட்டுத் திருப்பூர், சென்னை என்று போய்விடுகிறார்கள், செல்பேசி எண்ணும் மாறிவிடும், நுழைவுச்சீட்டு வந்தது தெரியாமலே போகும். பயிற்சி முடித்தும் தேர்வு எழுதாதவருக்குச் சான்றிதழ் இல்லை. சும்மா ஓராண்டு உழைத்ததாகத்தான் ஆகும்.

நடுவில் நின்றுவிட்டால்?

சொல்லாமல் நிற்காதீர்கள். ஒப்பந்தம் இணையதளத்தில் உயிரோடு இருக்கும்வரை வேறு நிறுவனம் உங்களைச் சேர்க்க முடியாது. காரணத்தை எழுதி, ஒப்பந்தத்தை முறையாக முடித்துக்கொள்ளுங்கள். எந்தத் தரப்பின் தவறால் முறிந்தது என்பதைப் பொறுத்து இழப்பீட்டுப் பொறுப்பும் வரும், அதை முடிவு செய்பவர் பயிற்சி ஆலோசகர்.

முடித்தால் அங்கேயே வேலை நிச்சயமா?

நிச்சயம் இல்லை. ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் ஒழிய நிறுவனத்துக்குக் கட்டாயம் கிடையாது. ஆனால் சான்றிதழுக்கு வெளியே மதிப்பு இருக்கிறது. ரயில்வேயின் பணிமனை போன்ற இடங்களில் பயிற்சி முடித்தவர்களுக்கு ரயில்வேயின் லெவல் 1 எனும் கடைநிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. உதவி லோகோ பைலட் தேர்வுக்கும் இந்தப் பயிற்சி தகுதியாக ஏற்கப்படுகிறது. மேலே படிக்க நினைப்பவர்கள், இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்திருந்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர விண்ணப்பிக்கலாம்.

சிங்கப்பூர் போவோருக்கு ஒரு வார்த்தை. அங்கே கட்டுமான வேலைக்கு அந்நாட்டுக் கட்டட ஆணையத்தின் திறன் தேர்வு தனி. நம் சான்றிதழ் அதற்கு ஈடாகாது.

ஆத்தங்குடி கல் பதிப்பது, பழைய வீடு புதுப்பிப்பது இவற்றுக்கு அப்ரண்டிஸ் உண்டா?

கொத்தனார், தச்சர் இரண்டும் அங்கீகரித்த பிரிவுகள். ஆத்தங்குடிக் கல் வார்ப்பது, சுண்ணாம்புச் சாந்து அரைத்து முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசுவது போன்றவை எல்லாம் கைப்பழக்கமாகக் கைமாறுகின்றன, பாடத்திட்டத்துக்குள் அடங்குவதில்லை. பட்டறைகளும் வீட்டோடு ஒட்டிய சிறு தொழில்கள். நான்கு பேருக்குக் குறைவாக இருக்கும் இடம் சட்டப்படி அப்ரண்டிஸ் வைக்கவே முடியாது. புதுப்பிப்பு வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர் போதிய ஆட்களோடு இருந்தால், கொத்தனார் அல்லது தச்சர் பிரிவில் ஒப்பந்தம் போட்டு, நம்மூர் வேலையையும் அதனூடே கற்றுத் தரலாம். எங்களைக் கேட்டால் இந்த வழியைப் பயன்படுத்தாமல் விட்டிருப்பது பெரிய நட்டம்.

ஏற்கெனவே தொழில் தெரிந்த மூத்தவர்களுக்கு முன்கற்றல் அங்கீகாரம் எனும் மதிப்பீட்டுச் சான்றிதழ் பொருத்தமானது. சொந்தப் பட்டறை வைக்க நினைக்கும் 35 வயது கடந்தவர்கள் தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தைப் பார்க்கலாம். அது ₹3 லட்சம் வரையிலான கடனும் 25 சதவீத மானியமும் (₹50,000 வரை) தருவது, சான்றிதழ்ப் பயிற்சி அல்ல.

நான் விடுதி நடத்துகிறேன். அப்ரண்டிஸ் வைக்க வேண்டுமா?

ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் கட்டாயம். 4 முதல் 29 வரை உங்கள் விருப்பம். எண்ணிக்கை மொத்தப் பணியாளர்களில் 2.5 முதல் 15 சதவீதம். 40 பேர் இருந்தால் குறைந்தது ஒருவர், அதிகபட்சம் ஆறு பேர். கட்டாயம் உள்ளவர் வைக்காமல் விட்டால், குறையும் ஒவ்வோர் இடத்துக்கும் முதல் மூன்று மாதம் மாதம் ₹500, பிறகு மாதம் ₹1,000 அபராதம்.

12 பேர் வைத்து நடத்துபவர் ஒருவரை எடுத்துப் பார்க்கலாம். ஐ.டி.ஐ. முடித்தவரானால் உங்கள் கைச்செலவு மாதம் ₹5,500. பதிவுக்கு பான், ஜி.எஸ்.டி. எண், பணியாளர் எண்ணிக்கை, வங்கிக் கணக்கு வேண்டும். உதவித்தொகையைக் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், அரசுப் பங்கு அதோடு நின்றுவிடும். சீசனில், டிசம்பர், ஜனவரி கூட்டத்தைச் சமாளிக்க ஆள் கிடைத்தது என்று எண்ணி எடுப்பவர்களுக்கு அந்தப் பிள்ளை பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரமாட்டான். ஒப்பந்தத்தை ஜூலை, ஆகஸ்டில் போட்டு, கூட்டம் வருமுன் நான்கு மாதம் நிதானமாகப் பழக்கினால் சீசனில் அவனே தூணாக நிற்பான்.

பட்டம் முடித்துவிட்டேன், டிகிரிக்கு இதெல்லாம் தேவையா?

நாட்ஸில் ஓராண்டு. குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. முடித்தால் வாரியம் தரும் தேர்ச்சிச் சான்றிதழ் கிடைக்கும், இதற்குத் தனித் தேர்வு கிடையாது. பட்டம் வாங்கி ஆண்டுகள் கடந்தால் பல அறிவிப்புகள் சேர்க்காது என்பதால், முடித்த கையோடு பதியுங்கள். கணக்கு, வணிகம் படித்தவர்களுக்கும் இடம் உண்டு. பொறியியல்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் நம் கல்லூரிகளில் ஏராளம்.